சினிமாவில் நிறம், ஆண், பெண், அயலார்: வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் ஆம்பூரிலும் மாதம் ஒரு படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறோம். கல்லூரி மாணவர்கள், ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், நர்சுகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் வருகிறார்கள். படம் மாறினாலும் சில சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. சினிமா பொழுதுபோக்குத்தானே? அதில் நிறம், மதம், ஆண், பெண் என்றெல்லாம் எதற்கு ஆராய வேண்டும்?

பொழுதுபோக்குதான். ஆனால் நேரில் பழகாத மனிதர்களைப் பற்றி நமக்குள்ள எண்ணம் பெரும்பாலும் படங்களிலிருந்துதான் வருகிறது. வேலூரில் இதைத் தெருவிலேயே பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். கூட வந்தவர்கள் லாட்ஜ் அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

ஒருமுறை மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு நாகாலாந்து இளைஞர் நின்றிருந்தார். அம்மாவுக்குப் புற்றுநோய்; கையில் பெரிய ஸ்கேன் உறை. கடைப் பையன் அவர் முகத்தைப் பார்த்து, "சைனாவா?" என்று கேட்டுவிட்டு, கையைக் காற்றில் வெட்டிக் கராத்தே காட்டினான். இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினார். கெட்ட பையன் அல்ல அவன். பணம் குறைந்தபோது, "நாளைக்குக் கொடுங்கள்" என்று மருந்தை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். அப்படிப்பட்ட முகத்தை அவன் அதுவரை பார்த்தது அடிதடிப் படத்தில் மட்டும். ஆராய வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

2. ஒரே அச்சில் வார்த்த பாத்திரம் என்கிறீர்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வட்டிக்கடை சேட்டு, டீக்கடை நாயர், விசில் ஊதும் கூர்க்கா, கையில் மதுக் கோப்பையோடு வரும் ஆங்கிலோ இந்தியப் பெண். திரையில் தலையைக் காட்டியதுமே இவர்கள் அடுத்து என்ன பேசப்போகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பத்துப் பிள்ளைகள் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள். திரையில் வரும் சேட்டு மட்டும் இன்னும் "நம்பள், நிம்பள்" என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார்.

நான் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன். இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? ஓர் ஆசை, ஒரு பயம், ஒரு வீட்டுக் கவலை என்று எதையாவது படம் காட்டியதா? அடுத்து, கதாநாயகன் அந்த இடத்தை விட்டுப் போன பிறகு இவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? இரண்டுக்கும் விடை இல்லையென்றால் அது அச்சுப் பாத்திரம். வேடம் சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல. இரண்டே காட்சியில் வந்துபோகும் பாத்திரத்துக்குக்கூட உயிர் கொடுத்த இயக்குநர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

3. நம் ஊரில் பாதிப் பெண்கள் மாநிறம், மீதிப் பெண்கள் கறுப்பு. கதாநாயகி மட்டும் ஏன் எப்போதும் வெள்ளை?

தயாரிப்பாளரைக் கேட்டால் வியாபாரம் என்பார். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் முகம் தெரிந்த நடிகை இருந்தால் படம் எளிதில் விலைபோகும். விளம்பரங்களில் நடித்துப் பழகிய மும்பைப் பெண்கள் அதற்குத் தோதானவர்கள். இது உண்மையின் ஒரு பகுதிதான். பெண் பார்க்கப் போகும் வீட்டில் "பெண் நல்ல நிறமா?" என்பது இன்றும் முதல் கேள்வியாக இருக்கிறது. நிறத்தை வைத்தே ஒருவரின் சாதியையும் வசதியையும் எடைபோடும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. சினிமா அந்தப் பழக்கத்தின் மேல் பணம் கட்டுகிறது.

இதில் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள், கோடாக் நிறுவனம் புகைப்பட ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அவளுடைய தோல் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தே வண்ணத்தைச் சமன் செய்தார்கள். கறுத்த தோலின் நுணுக்கங்கள் அந்தக் காலப் பிலிம் சுருளில் சரியாகப் பதியவில்லை. வேற்று நிறத்தாரின் முகங்களும் அந்த அட்டையில் இடம்பெறப் பல காலம் ஆயிற்று. ஆகவே பளிச்சென்ற ஒளியும் வெளிறிய ஒப்பனையும் பழக்கமாகிப்போயின. இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. ஒப்பனை அறையின் பழக்கம் மட்டும் மாறவில்லை.

மாற்றிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2002ல் வந்த 'அழகி'யில் நந்திதா தாஸின் நிறத்தைப் படம் மறைக்கவும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சென்னையில் ஒரு பெண்கள் அமைப்பு 2009ல் தொடங்கிய 'கறுப்பே அழகு' என்ற பொருள்படும் இயக்கத்துக்கு அவர் பிறகு முகமாக இருந்தார். தன் நிறத்தைக் காரணம் காட்டி வாய்ப்பு மறுக்கப்பட்டதை ஐஸ்வர்யா ராஜேஷ் மேடையிலேயே பேசியிருக்கிறார். 2020ல் நாட்டின் மிகப் பிரபலமான சிவப்பழகு கிரீம் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. குழாய்க்குள் இருக்கும் ஆசையை எடுப்பதற்கு இன்னும் நாளாகும்.

4. ரஜினி, விஜயகாந்த், தனுஷ், விஜய் சேதுபதி எல்லாரும் கறுப்புதானே? அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஊரில் நிறவெறி இருக்கிறது என்று எப்படிச் சொல்லலாம்?

மிக நல்ல கேள்வி. விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. கறுப்பான ஆணை நாம் நம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டோம். பெருமைப்பட வேண்டிய செய்தி அது. வேறு பல திரையுலகங்களில் அது நடக்கவில்லை. ஆனால் அதே கதாநாயகனுக்குப் பரிசாகக் கிடைக்கும் பெண் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதும் கூடவே எழுதப்பட்டது. கறுப்பு ஆணுக்கு வீரம், பெண்ணுக்குக் குறை என்று ஆகிவிட்டது.

2007ல் வந்த 'சிவாஜி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் தன் நிறத்துக்காகத் தாழ்வு மனம் கொண்டு, வெள்ளையாவதற்குப் பாடுபடுகிறான். அதே படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு கறுத்த பெண்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்த்ததும் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே வருகிறார்கள். பாரியின் மகள்களுக்குத் தமிழ் மரபு வழங்கும் பெயர்கள் அவை. அந்தக் காட்சிக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் எத்தனை கறுத்த பெண் பிள்ளைகளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பேச்சுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். முப்பது வயதைக் கடந்த பெண்கள், இன்னும் குரல் இறுகித்தான் சொல்கிறார்கள்.

5. தமிழே தெரியாத நடிகைக்கு வேறொருவர் குரல் கொடுப்பது ஏமாற்று இல்லையா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். குரல் கொடுப்பது பெரிய கலை. மாநில அரசின் திரைப்பட விருதுகளில் அதற்கென்று தனி விருதே உண்டு. என் வருத்தம் வேறு. தமிழ் நன்றாகப் பேசி, உணர்ந்து நடிக்கக்கூடிய ஒரு பெண் ஒலிப்பதிவு அறைக்குள் நிற்கிறார். திரையில் வேறொரு முகம் நிற்கிறது. மூன்றாம் கேள்வியில் சொன்ன காரணங்களே இங்கும்.

6. ஆப்பிரிக்கர் என்றால் போதைப் பொருள் கடத்துபவர் என்றுதான் படத்தில் காட்டுகிறார்கள். செய்தித்தாளிலும் அப்படித்தானே வருகிறது?

கைதானவர் செய்தியில் வருவார். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர் வரமாட்டார். செய்தியிலிருந்து படம் எடுத்தால் முதலாமவர் மட்டுமே கிடைப்பார். 2013ல் வந்த 'சிங்கம் 2' படத்தில் கடத்தல் தலைவனாக நடித்தவர் டேனி சபானி. லண்டன் நாடக மேடையில் பெயர் பெற்ற, கானா வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் நடிகர். அவ்வளவு தேர்ந்த நடிகரை அழைத்து வந்து உறுமவும் உதை வாங்கவும் வைத்தோம்.

காட்பாடியில் பல நாட்டு மாணவர்கள் பொறியியல் படிக்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடும்போது அவர்களில் சிலர் சந்திக்கும் கேள்விகளைக் கேட்டால், அந்தப் படங்களின் வசனம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது புரியும். ஒரு மாணவர் எங்கள் கூட்டத்தில் சொன்னார்: "நான் பேசுவதற்கு முன்பே என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடுகிறது." இரண்டாம் கேள்வியில் சொன்ன அச்சு, திரைக்கு வெளியே வேலை செய்யும் விதம் இது.

7. ஹாலிவுட்டில் இதெல்லாம் சரியாகிவிட்டதா?

அங்கே நம்மைவிடக் கொடுமையான வரலாறு. 1930ல் எழுதி, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய தயாரிப்பு விதிகள் வெள்ளையர், கறுப்பர் காதலைத் திரையில் காட்டவே தடை விதித்தன. 1968 வரை அந்த விதிகள் இருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் அப்போதே புகழ் பெற்றவர். ஆனாலும் 'தி குட் எர்த்' படத்தில் சீன உழவுப் பெண் வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னர் சீனப் பெண்ணாக நடித்து ஆஸ்கரும் பெற்றார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். 1940 விழாவில் அவரைப் படக்குழுவோடு உட்கார விடாமல் சுவரோரம் தனி மேஜையில் உட்கார வைத்தார்கள். அந்த விருதும் பணிப்பெண் வேடத்துக்குத்தான்.

நடிப்புக்கான பரிந்துரைகளில் 2015லும் 2016லும் இருபது பேரும் வெள்ளையர்களாகவே இருந்ததால் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு ஆஸ்கர் வழங்கும் அகாதெமி தன் உறுப்பினர்களை விரிவாக்கியது. 2024 விருதுகள் முதல் சிறந்த படத்துக்குப் போட்டியிட, கதையும் நடிகர்களும், படக்குழு, பயிற்சி வாய்ப்பு, விளம்பரக் குழு ஆகிய நான்கில் இரண்டிலாவது பன்மை இருக்க வேண்டும் என்று தகுதி விதிகளையும் கொண்டுவந்தது. 2023ல் மிஷேல் யோ சிறந்த நடிகை விருது பெற்றார். மாற்றம் இருக்கிறது, கேட்டதால் வந்த மாற்றம்.

நமக்கு நெருக்கமான ஒன்று: 1968ல் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்பு பூசிக்கொண்டு இந்தியராக நடித்தார். 2020ல் தொடங்கிய ஓர் அமெரிக்கத் தொடரில், இலங்கையிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் தமிழ்ப் பெண்ணாகவே கதாநாயகி ஆனார். அவள் கோபப்படுகிறாள், பொய் சொல்கிறாள், அப்பாவை நினைத்து அழுகிறாள். நல்ல பெண்ணாக இருக்க வேண்டிய சுமையே அவளுக்கு இல்லை.

8. இந்திப் படத்தில் மதராசியைக் கேலி செய்தால் நமக்குக் கோபம் வருகிறது. நாம் மற்றவர்களைக் கேலி செய்யவில்லையா?

செய்கிறோம். 'படோசன்' படத்தில் மெஹ்மூத் போட்ட குடுமியும் 2013ல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' தமிழர்களின் அரிவாளும் நமக்குச் சுடுகின்றன. சுட வேண்டியதுதான். ஆனால் நம் படங்களில் மலையாளப் பெண் எப்படி வருகிறாள், ஆந்திர வில்லன் எப்படி வருகிறான் என்றும் பார்க்க வேண்டும். 'ஏழாம் அறிவு' படத்தில் சீன வில்லனாக நடித்தவர் வியட்நாமிய அமெரிக்கர். "எல்லாம் ஒரே முகம்தானே" என்ற நினைப்பு, முதல் கேள்வியில் வரும் கடைப் பையனிடம் இருந்ததுதான்.

இப்போது இன்னொரு அச்சு உருவாகிக்கொண்டிருக்கிறது: வடமாநிலத் தொழிலாளி. நம் ஓட்டல்களில் மாவு பிசைந்து, கட்டடங்களில் கம்பி கட்டும் பையன்கள் படத்தில் திருடர்களாகவும் முட்டாள்களாகவும் வருகிறார்கள். 2017ல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' உண்மைக் கொள்ளை வழக்கை வைத்து விறுவிறுப்பாக எடுக்கப்பட்ட படம். ஆனால் ஒரு கும்பலின் குற்றத்தை ஒரு சமூகத்தின் இயல்பாகக் காட்டியது என்று கண்டனமும் எழுந்தது. பிறப்பாலேயே சிலரைக் குற்றவாளி என்று பட்டியலிட்ட சட்டத்தை ஆங்கிலேயர் 1871ல் கொண்டுவந்தார்கள். தமிழ்ச் சமூகங்களும் அதில் சிக்கிச் சீரழிந்தன. 1952ல் அது ஒழிந்தது. அந்தச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த நாம், பிறரை அதே கண்ணோடு பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

9. முஸ்லிம் பாத்திரம் என்றால் ஒன்று பிரியாணி, இல்லாவிட்டால் வெடிகுண்டு. ஆம்பூரில், மேல்விஷாரத்தில் வாழும் நாங்கள் எங்கே இருக்கிறோம்?

திரையில் இல்லை. இதைக் கேட்டவர் வாணியம்பாடியில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை. அவர் வேலை பார்க்கும் ஊரில் 1919லேயே இஸ்லாமியாக் கல்லூரி வந்துவிட்டது. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி டேனரிகளிலிருந்து தோல் உலகமெங்கும் போகிறது. வீட்டில் உருதும் தெருவில் தமிழும் பேசுகிறவர்கள், வீட்டிலும் தமிழே பேசுகிறவர்கள், முதலாளிகள், தினக்கூலிகள், கவிஞர்கள், வழக்கறிஞர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். படத்தில் வருவதோ கதாநாயகனுக்காக உயிரைக் கொடுக்கும் "பாய்", அல்லது தீவிரவாதி. ஒருவர் மிக நல்லவர், ஒருவர் மிகக் கெட்டவர். இரண்டு பேருக்கும் மின்கட்டணம் கட்டும் கவலை கிடையாது.

2012ல் 'துப்பாக்கி'க்கும் 2013ல் 'விஸ்வரூபம்' படத்துக்கும் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. இரண்டாவது படத்தை மாவட்ட ஆட்சியர்கள் தடுத்து வைத்ததை நான் ஆதரிக்கவில்லை. தடை ஏன் தீர்வல்ல என்பதைப் பதினைந்தாம் கேள்வியில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கோபம் ஒரு படத்தால் மட்டும் வந்ததாக நினைப்பது தவறு. இருபது ஆண்டுகளாக வேறு வேடமே கிடைக்காதவர்களின் கோபம் அது.

10. கதாநாயகி எப்போதும் கல்லூரிப் பெண்ணாகவே இருக்கிறாள். படித்து முடித்து வேலைக்கே போக மாட்டாளா?

ஆம்பூரில் விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனிப் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது, பசை தடவி ஒட்டுவது, நூல் பிசிறு வெட்டுவது, குறை பார்த்துத் தள்ளுவது எல்லாம் இவர்கள் கைவேலை. குடியாத்தம் பக்கம் போனால் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள். இலையைக் கத்தரித்து, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டும்வரை கண் முறத்திலேயே இருக்காது. தெருவில் விளையாடும் பிள்ளையின் மேல் இருக்கும். விரல்களுக்கே வேலை தெரியும். மருத்துவமனைப் பகுதியில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நர்சுகளின் கூட்டம். வடாற்காடு உழைப்பில் பாதி பெண்களுடையது. இந்தப் பகுதியிலிருந்து ஒரு கதாநாயகியை எடுத்துக்கொள்ளச் சினிமாவுக்கு வேறு என்ன வேண்டும்?

நர்ஸ் என்றால் படத்தில் என்ன? பெரும்பாலும் நகைச்சுவை நடிகர் வழிவதற்கு ஒரு குட்டைச் சீருடை. அதைப் பார்க்கும்போது இந்த ஊர்க்காரனாக எனக்குக் கோபம் வரும். பிரசவத்துக்கு ஆண் மருத்துவரை அனுமதிக்காத வீடுகளில் பெண்கள் இறந்துபோவதைக் கண்ட ஐடா ஸ்கடர், அதாவது சி.எம்.சி.யை நிறுவியவர், மருத்துவம் படித்துவிட்டு வந்து 1900ல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1909ல் நர்சிங் பள்ளி. 1918ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. அங்கே ஆண்களைச் சேர்த்ததே 1947ல்தான். நம் திரையில் பெண் மருத்துவர் கதாநாயகனின் நாடியைப் பிடித்ததும் பாட்டு வந்துவிடுகிறது.

எண்ணிக்கையிலும் இது தெரிகிறது. ஐ.நா. பெண்கள் அமைப்பின் ஆதரவோடு 2014ல் வெளியான, 11 நாட்டுப் படங்களைப் பற்றிய ஆய்வில், பேசும் பாத்திரங்களில் பெண்கள் 30.9 சதவீதம். இந்தியப் படங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்.

11. 'பெக்டெல் சோதனை' என்று என் மகள் சொல்கிறாள். அதில் தேறினால் நல்ல படமா?

அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெல் 1985ல் ஒரு சித்திரத் தொடரில் எழுதியது அது. படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும். பேச்சு ஓர் ஆணைத் தவிர வேறு எதையாவது பற்றி இருக்க வேண்டும். தேறிய மோசமான படங்களும் உண்டு, தேறாத நல்ல படங்களும் உண்டு. ஒரே ஒரு படத்தை அதை வைத்து அளக்காதீர்கள். இந்த ஆண்டு பார்த்த எல்லாப் படங்களையும் அளந்து பாருங்கள்; அப்போதுதான் அதன் வலு தெரியும்.

12. பெண் வேண்டாம் என்றாலும் பின்னாலேயே சுற்றினால் கடைசியில் காதலிப்பாள் என்று படம் சொல்கிறது. பையன்கள் படத்தைப் பார்த்துத்தான் கெடுகிறார்களா?

படம் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் செய்கிறவனுக்குத் தான் செய்வது காதல் என்ற பெயரைப் படம் கொடுக்கிறது. 2016ல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு முழுவதும் இந்த விவாதம் நடந்தது. பெண் மறுத்த பிறகும் தொடர்ந்து பின்தொடர்வது 2013 முதல் சட்டப்படி தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவு. முதல் முறைக்கே மூன்றாண்டுவரை சிறை. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு கல்லூரி மாணவர் உண்மையான வியப்போடு, "அப்படியானால் எப்படித்தான் காதலிப்பது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வரிசையிலிருந்த பெண் திரும்பி, "ஒருமுறை கேளுங்கள். விடையை நம்புங்கள்," என்றாள்.

13. திருநங்கையரைக் கேலிப் பொருளாகவே காட்டினார்களே, இப்போது மாறியிருக்கிறதா?

ஓரளவு. திருநங்கையருக்கென்று நல வாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, 2008ல் அமைந்தது. திரை அதற்குப் பின்தங்கியே நடந்தது. 2015ல் வந்த 'ஐ' படத்தில் கதாநாயகனை விரும்பும் திருநங்கைப் பாத்திரத்தை அருவருப்பாகக் காட்டியதற்குத் திருநங்கையர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கு முன்பே, 2011ல் 'நர்த்தகி' படத்தில் திருநங்கையான கல்கி சுப்ரமணியம் முதன்மை வேடத்தில் நடித்திருக்கிறார். 'பேரன்பு' படத்தில் அஞ்சலி அமீர் நடித்த மீரா எனக்கு மிகப் பிடித்த பாத்திரங்களில் ஒன்று. அவளுக்கு ஒரு குடும்பம் வேண்டும். இரண்டாம் கேள்வியில் கேட்டேனே, இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று. அந்தப் படம் அதற்கு நேராக விடை சொல்கிறது.

14. கூத்தில் ஆண்தான் திரௌபதி வேடம் கட்டுகிறார், கும்பிடுகிறோம். பிறகு 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் விஜய் சேதுபதி திருநங்கையாக நடித்தால் மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வி செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருடையது. என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான். கூத்துக்குப் பெயர் பெற்ற புரிசை கிராமம் இருக்கும் மண்ணில் வளர்ந்தவருக்கு வேடம் என்பது விளையாட்டல்ல. பாரதக் கூத்தில் பெண் வேடம் கட்டுகிறவர் மணிக்கணக்கில் முகம் எழுதுகிறார். துகிலுரிதல் காட்சிக்கு முன் கற்பூரம் காட்டுவதுண்டு. பார்க்கும் பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். அங்கே ஆண் பெண்ணாக வருவதில் கேலி இல்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மேடையில் நின்றுகொண்டு எல்லாரையும் கிண்டல் செய்கிறார். திரௌபதியின் துயரத்தை அல்ல.

விஜய் சேதுபதியின் நடிப்பிலும் கேலி இல்லை. தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. குறை நடிப்பின் மேல் அல்ல, வாய்ப்பின் மேல். ஆண் நடிகர் எந்த வேடமும் போடலாம். திருநங்கை நடிகைக்கு ஆசிரியையாகவோ, அக்காவாகவோ, போலீஸ்காரியாகவோ வேடம் தருவார் இல்லை. திருநங்கை வேடம் ஒன்றுதான் அவருக்கு உள்ள கதவு. அதிலும் பெரிய நட்சத்திரம் வந்து நின்றால் அவர் எங்கே போவார்? எல்லா வேடமும் எல்லாருக்கும் திறந்திருக்கும் காலத்தில் பெரியவர் சொல்வது முழுக்கச் சரியாக இருக்கும். கூத்திலேயே இப்போது சில குழுக்களில் பெண்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

15. தணிக்கைக் குழு எதற்கு இருக்கிறது? இதையெல்லாம் வெட்டிவிடலாமே?

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் 1991ல் வெளியான வழிகாட்டு நெறிகளில், பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளும் இன, மதக் குழுக்களை அவமதிக்கும் காட்சிகளும் கூடாது என்றே இருக்கிறது. ஆனால் கத்தரிக்கோல் ஒரு வசனத்தை வெட்டும். வராமல் போன பாத்திரத்தைக் கொண்டுவராது. பத்தாம் கேள்வியில் சொன்ன பீடி சுற்றும் பெண்ணை எந்தத் தணிக்கை அதிகாரியும் படத்துக்குள் சேர்க்க முடியாது.

தடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் இடஒதுக்கீட்டைக் குறை கூறியது. உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்தது. 1989ல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. வன்முறை மிரட்டலுக்குப் பயந்து பேச்சுரிமையை அடக்க முடியாது என்றது. இடஒதுக்கீட்டை முழு மனதோடு ஆதரிக்கும் நான், அந்தத் தீர்ப்பையும் ஆதரிக்கிறேன். இன்று நமக்குப் பிடிக்காத படத்தைத் தடுக்கும் கை, நாளை ஒடுக்கப்பட்டவர் எடுக்கும் படத்தின் மேல்தான் முதலில் விழும்.

16. பெண்கள் இயக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் ஆகாது. ஆனால் தொடக்கத்தையே மறந்துவிட்டோம் என்பது என் ஆதங்கம். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, 1936லேயே 'மிஸ் கமலா'வை இயக்கினார். அவருக்குப் பிறகு பானுமதி, சுஹாசினி, ரேவதி என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பெயர்கள் வந்தன. சுதா கொங்கராவும் ஹலிதா ஷமீமும் இன்று தொடர்ந்து இயங்குவது மகிழ்ச்சி. இயக்குநர் நாற்காலி மட்டும் போதாது. கதை விவாத அறையில், ஒளிப்பதிவில், படத்தொகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். கேரளத்தில், மலையாளத் திரைத்துறைப் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024ல் வெளியானபோது, பெண்கள் அந்த அறைகளுக்குள் நுழைய என்ன விலை கேட்கப்படுகிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. திரையில் பெண் ஏன் குறைவாகப் பேசுகிறாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

17. அப்படியானால் சின்ன வயதிலிருந்து ரசித்த நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து இனிமேல் சிரிக்கவே கூடாதா?

சிரிப்பு கேட்டுக்கொண்டு வருவதில்லை. கவுண்டமணி பேசத் தொடங்கினால் எனக்கும் வரும். ஒரே நகைச்சுவைக்குள் அதிகாரத்தில் இருப்பவனை மடக்கும் வரியும் இருக்கும், ஒருவரின் உருவத்தைக் குத்தும் வரியும் இருக்கும். முதலாவது இன்றும் கூர்மையாக இருக்கிறது. இரண்டாவதில், பக்கத்தில் அமர்ந்திருக்கும் கறுத்த, குண்டான பிள்ளை என்ன செய்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அதுவும் சேர்ந்து சிரிக்கும். மற்றவர்களைவிடச் சத்தமாக.

வீட்டில் அந்தக் காட்சி ஓடும்போது தொலைக்காட்சியை அணைத்துப் பாடம் நடத்த வேண்டாம். "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் படத்தைத் தொடர்ந்து பாருங்கள். பிள்ளைகள் கவனிப்பார்கள்.

18. இவரைக் காட்டாதே, அவரைக் காட்டாதே என்றால் வில்லனாக யாரைத்தான் போடுவது? இயக்குநர் படமே எடுக்க முடியாதே?

யாரை வேண்டுமானாலும் போடலாம். முஸ்லிம் வில்லன், திருநங்கை வில்லன், ஆப்பிரிக்க வில்லன் எல்லாரும் இருக்கலாம். அதே படத்தில், அல்லது அந்த ஆண்டு வரும் படங்களில், அவர்களில் ஒருவர் டிக்கெட் கிழிப்பவராகவும், மற்றொருவர் அண்டை வீட்டுக்காரராகவும், இன்னொருவர் கதாநாயகியின் தோழியாகவும் வந்தால் போதும். பெரும்பான்மைச் சமூகத்து வில்லனைப் பார்த்து யாரும் அந்தச் சமூகமே அப்படி என்று நினைப்பதில்லை. காரணம், அவர்களில் நல்லவர், கோழை, கஞ்சன், காதலன் என்று நூறு பேரை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அந்த நூறு பேர் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

இதையும் எங்கள் கூட்டத்தில் ஓர் உதவி இயக்குநர் கேட்டார். ராணிப்பேட்டைக்காரர், சென்னையில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கிறார். தன் கதையில் பிணவறைக்கு வெளியே காத்திருக்கும் ஒரு வங்காளத் தந்தை இரண்டு காட்சிகளில் வருகிறார் என்றும், அவரை என்ன பேச வைப்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். லாட்ஜ்கள் இருக்கும் தெருவுக்குப் போய் நான்கு பேரிடம் பேசிவிட்டு எழுதச் சொன்னோம். போயிருக்கிறார். திரைக்கதையில் அந்தத் தந்தைக்கு இப்போது ஐந்து காட்சிகள்.